ஒயர் அம்மாவின் துபாஷி

"யார் சொன்னா?"

அந்தம்மா வாயைத் திறந்தால் முதலில் வந்து விழுவது இதுதான். மழை வரப்போகிறது என்றால், யார் சொன்னா? குறுக்குப் பாதையில் போனால் பிரிஞ்சாங் டவுன் கிட்ட என்றால், யார் சொன்னா? "பெரிய தொரை உங்களக் கூப்பிடுறாரும்மா" என்று நானே ஆபீஸிலிருந்து எழுந்து போய்ச் சொன்னாலும், யார் சொன்னா? துரைதானம்மா சொன்னார் என்பேன். "ஏன், அவருக்குக் காலு இல்லையா?" என்று கேட்டுவிட்டுத்தான் எழுந்து வருவார். மலாய் நாட்டு மலைமேல் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் துரையின் காலைப் பற்றி விசாரித்த முதல் ஆள் அவராகத்தான் இருக்க வேண்டும்.

பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் எங்கிருந்தாலும் வந்து, யாரைக் கேட்டு எழுதினீங்க என்று என் மேல் பாய்வார். தோட்டத்தில் எல்லோருக்கும் அவர் ஒயர் அம்மா. எண்பதுகளின் பின்பாதியில் எங்கள் பேக்டரி மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியனாக வந்து சேர்ந்தார். நான் அப்போது பேக்டரி ஆபீஸில் கிராணி. எழுத்து வேலை. எதற்கும் சரிங்க என்று சொல்லியே பாதி ஆயுளை ஓட்டியவன். என் மேசைக்கும் அவருடைய ஒர்க்ஷாப்புக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான்.

முப்பத்தைந்து வயதிருக்கும். திரிங்காப்பில் காய்கறி லோரி ஓட்டிய அப்பாவின் பழைய ஜாக்கெட்டைக் கை மடித்துப் போட்டிருப்பார். கொண்டையில் ஊசிக்குப் பதில் ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவர். கொழுந்து பறிக்கும் பெண்கள் அதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தபோது, "உங்க ஊசிய வச்சு ஒரு ஸ்க்ரூவக் கழட்டிக் காட்டுங்க, நானும் ஊசி குத்திக்கிறேன்" என்றார். அதற்குப் பிறகு யாரும் அவர் எதிரில் சிரிக்கவில்லை. பின்னால் சிரித்தார்கள்.

வந்த முதல் நாளே சண்டையோடுதான் வந்தார். நாடு முழுக்கக் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளி வைத்த பிறகும் எங்கள் தோட்டம் மட்டும் பழைய நேரத்திலேயே நின்றுகொண்டது. புது நேரப்படி நடந்தால் காலைப் பெரட்டுக்கு, அதாவது ஆள் எண்ணி வேலை பிரிக்கும் கூட்டத்துக்கு, கும்மிருட்டில் போய் நிற்க வேண்டும். அதனால் பேக்டரி சங்கு, ஆபீஸ் கடிகாரம், தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வீடுகளின் அடுப்பு எல்லாம் தோட்ட நேரம். பஸ், பள்ளிக்கூடம், கிளினிக் எல்லாம் டவுன் நேரம். அது எங்களுக்கு அரை மணி முந்தி ஓடும். கல்யாணப் பத்திரிகையில் முகூர்த்தத்தை இரண்டு நேரத்திலும் அச்சடிப்போம். இது தெரியாமல் அந்தம்மா டவுன் நேரத்துக்கு வந்து, பூட்டிய கேட்டின் முன்னால் பனியில் அரை மணி நின்று, வாட்ச்மேனை வறுத்து எடுத்துவிட்டார். அப்புறம் முணுமுணுத்துக்கொண்டே கைக்கடிகாரத்தை அரை மணி பின்னால் திருப்பி வைத்தார். எனக்குத் தெரிந்து அவர் மறுபேச்சில்லாமல் அடங்கிப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

மற்றபடி அடங்குகிற ஜென்மம் இல்லை. கியா பார்ம் ரோட்டோரக் கடையில் ஸ்ட்ராபெரி விற்ற சீனத்தி, நல்ல இனிப்பு என்று மலாயில் சொன்னாள். "சியாப்பா சக்காப்?" என்று அதே கேள்வியை மலாயில் போட்டார் அந்தம்மா. ஒன்றைக் கடித்தார். முகம் அஷ்டகோணலானது. கடைக்காரி புளிப்புதான் என்று ஒத்துக்கொள்ளும் வரை அங்கேயே நின்றார். ஒத்துக்கொண்டதும் ஒரு கூடை வாங்கினார். "புளிப்புன்னு சொல்லி வித்தா நான் தின்னுட்டுப் போறேன். இனிப்புன்னு ஏன் சொல்லணும்?" என்று எனக்கும் ஒரு கை நிறையக் கொடுத்தார். பல் கூசிக்கொண்டே தின்றேன்.

கோவில் திருவிழாவில் மைக் செட் ஊமையாகிவிட்டது. பொம்பளை தொடக்கூடாது என்றார் கமிட்டித் தலைவர். யார் சொன்னா என்றார் அந்தம்மா. சாமி குத்தமாகிவிடும் என்று தலைவர் இழுத்தார். "அப்ப சாமியவே ரிப்பேர் பண்ணச் சொல்லுங்க" என்று படியில் உட்கார்ந்து பொரி கொறிக்க ஆரம்பித்துவிட்டார். பொரி தீர்வதற்குள் தலைவரே வந்து, "ஏம்மா, கொஞ்சம் பாரும்மா" என்று நின்றார்.

இப்படிப்பட்டவரிடம் போய் ரகசியம் என்று சொன்னால் என்ன ஆகும்? சொன்னார் ஒருவர்.

தேயிலை காயவைக்கும் ட்ரையருக்குப் பெரிய துரை புதிதாக ஒரு கருவி வாங்கிப் போட்டார். ட்ரையர் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டி. அதிலிருந்து ஒயர் ஒன்று என் ஆபீஸில் இருந்த திரைக்கும் பிரிண்டருக்கும் வந்தது. சூடு எவ்வளவு, காற்றாடி ஓடுகிறதா என்று நிமிஷத்துக்கு ஒரு சேதி பெட்டி அனுப்பும், திரை காட்டும். சூடு எல்லை மீறினால் மட்டும் பிரிண்டர் அலாரம் என்று நேரத்தோடு ஒரு வரி அடிக்கும். தலைநகர் கே.எல்.லிலிருந்து மாட்டிக் கொடுக்க வந்த கம்பெனி எஞ்சினியரிடம் அந்தம்மா, பெட்டியும் திரையும் எந்தப் பாஷையில் பேசிக்கொள்கின்றன, அதற்குப் புத்தகம் உண்டா என்று கேட்டார்.

"அது கம்பெனி ரகசியம். உங்களுக்குத் தெரிய வேண்டியதில்ல. கெட்டுப்போனா போன் பண்ணுங்க."

"எனக்குத் தெரிய வேண்டியதில்லன்னு யார் சொன்னா?"

எஞ்சினியர் சிரித்துக்கொண்டே காரில் ஏறிப் போய்விட்டார். அந்தச் சிரிப்பை அவர் சிரிக்காமல் இருந்திருக்கலாம்.

மறுநாள் அந்தம்மா சூட்கேஸ் மாதிரி ஒரு சாமானைத் தூக்கி வந்தார். திறந்தால் உள்ளே சின்னப் பச்சைத் திரை, கீழே எழுத்துப் பலகை. முன்பு வேலை பார்த்த கம்பெனி குப்பையில் போட இருந்ததைக் கேட்டு வாங்கி வைத்திருந்தாராம். அது ஒட்டுக்கேட்கும் கருவி. இரண்டு மெஷின்கள் பேசிக்கொள்ளும் ஒயரில் மாட்டினால் பேச்சைத் தடுக்காது. கேட்டதைத் திரையில் எழுதிக் காட்டும். லயத்தில் பக்கத்து வீட்டுச் சண்டை பலகை வழியாக நமக்குக் கேட்பது போலத்தான். ஊரறிந்த சில பாஷைகள் அதற்கே தெரியும். தெரியாத பாஷை என்றால் வெறும் எண்களாகக் கொட்டிவிட்டு முழிக்கும். ஆனால் நாமே சின்னப் புரோகிராம் எழுதிச் சேர்த்து அதற்குப் புதுப் பாஷை கற்றுக்கொடுக்கலாம். முதல் எண் வந்தால் பேசுவது யார் என்று பார், அடுத்தது வந்தால் என்ன சேதி என்று பார், இப்படிப் பிரித்துச் சொல் என்று. அந்தப் புரோகிராமுக்கு அந்தம்மா வைத்த பெயர் துபாஷி.

"வெள்ளக்கார தொரைக்கும் நம்ம ஆளுங்களுக்கும் நடுவுல ஒருத்தன் நின்னு பேசினான்ல, அவன் மாதிரி. அவன் கூடக் குறையச் சொல்லுவான். என் துபாஷி சொல்ல மாட்டான்."

அதற்கப்புறம் என் தேத்தண்ணிக்கு வந்தது கேடு. நான் ஒரு வாய் குடிப்பதற்குள் கிளாஸைப் பிடுங்கிக்கொண்டு போய், பெட்டியின் சூடு பார்க்கும் கம்பியை அதில் முக்குவார். அடுத்த சேதி வரக் காத்திருப்பார். ஒயரில் எந்த எண் ஏறுகிறதோ அதுதான் சூடு. காற்றாடியை நிறுத்துவார். எந்த எண் பூஜ்யமாகிறதோ அது காற்றாடி. கடைசி எண் மட்டும் பிடிபடாமல் குதித்துக்கொண்டிருந்தது. பல நாள் அதோடு மல்லுக்கட்டினார். ஒரு மத்தியானம் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கத்தல். ஷாக் அடித்துவிட்டதோ என்று ஓடினேன்.

"கூட்டுத் தொகை, கிராணி! முன்னாடி சொன்னது எல்லாத்தையும் கூட்டிக் கடைசில சொல்றான். வழியில ஏதாச்சும் கெட்டுப்போனா கண்டுபிடிக்கலாம்ல. ரகசியமாம் ரகசியம்!"

மிச்சம் இரண்டு எண்கள். அவை சூட்டுக்கும் அசையவில்லை, குளிருக்கும் அசையவில்லை. கொஞ்ச நேரம் பார்த்ததில் ஒன்று சும்மா நின்றது. இன்னொன்று ஒவ்வொரு சேதிக்கும் ஒன்று கூடியது. "இது வெறும் வரிசை நம்பர். எத்தனாவது சேதின்னு எண்ணிக்கிட்டுப் போறான்" என்றார். அதைத் திரையில் காட்ட வேண்டாம் என்று துபாஷிக்குச் சொல்லிவிட்டார். என் ஆறிப்போன தேத்தண்ணியைத் திருப்பிக் கொடுத்தார்.

அந்தச் சமயத்தில்தான் ட்ரையரில் ஒரு ஈடு தேயிலை முழுக்கக் கருகியது.

அன்று நான் வேலையாக டவுனுக்குப் போயிருந்தேன். ஆபீஸில் ஆள் இல்லை. திரும்பி வந்து பார்த்தால் பிரிண்டரில் ஒரு வரி: அலாரம், இரண்டேகால். மத்தியானச் சங்கு இரண்டு மணிக்கு. அதோடு காலை ஷிப்ட் ஆள் போய், மத்தியான ஷிப்ட் ஆளான வேலாயுதம் ட்ரையரில் நிற்பான். ஆகவே கருக விட்டவன் வேலாயுதம். கணக்கு சுத்தமாக முடிந்துவிட்டது.

வேலாயுதம் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. "நான் போறப்பவே கருகல் நாத்தம் அடிச்சுச்சுங்க. சின்ன தொரைகிட்டச் சொன்னேன். அது வெறகு நாத்தம், போய் வேலையப் பாருன்னாரு." அன்று சின்ன துரை, அதாவது உதவி மேனேஜர், காலை ஆளை விறகு இறக்க அனுப்பிவிட்டு, விருந்தாளிகளுக்கு வேடிக்கை காட்டத் தானே ட்ரையரில் நின்று சூட்டைக் கூட்டிக்கொண்டிருந்தார். சங்கு ஊதும் வரை அங்கேதான் இருந்தார். எல்லோரும் பார்த்தார்கள். ஆனால் தாளில் இருந்தது இரண்டேகால்.

பெரிய துரை அந்தம்மாவைக் கூப்பிட்டு மெஷின் சரியா என்று கேட்டார். அவர் துபாஷியை மாட்டி எல்லாவற்றையும் சோதித்துவிட்டு வந்து சொன்னார்: "பெட்டி பொய் சொல்லல, மேனேஜர். சூடு மிஞ்சினா சொல்லுது. சேதி கெடாம வருது." துரை என்று கூப்பிட மாட்டார், மேனேஜர்தான். பெரிய துரைக்கு அது உறுத்தினாலும் அன்றைக்கு அந்தப் பதில் இனித்தது. கம்பெனி ஆள் வந்து பார்க்கும் வரை யாரும் தொடக்கூடாது என்று அலாரம் சுவிட்சை அணைத்து, கம்பி சுற்றி ஈய சீல் போட்டார். திங்கட்கிழமை விசாரணை. வேலாயுதத்துக்கு வேலை போகும். வேலை போனால் லயத்து வீடும் போகும். அவனுக்கு இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில்.

சனிக்கிழமை அவன் பெண்டாட்டி பாக்கியம் கொழுந்துக் கூடையோடேயே ஒர்க்ஷாப்புக்கு வந்துவிட்டாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"நீங்கதான் சொன்னீங்களாமே, பெட்டி பொய் சொல்லாதுன்னு?"

"ஆமா பாக்கியம். நான் சோதிச்சுப் பாத்துட்டேன்."

"எம் புருஷனும் பொய் சொல்லாதுங்க. குடிச்சுட்டு வந்தாக்கூட குடிச்சேன்னுதான் சொல்லும். ரெண்டு பேரும் பொய் சொல்லலன்னா அந்த ரெண்டேகாலு எந்த ரெண்டேகாலு? தோட்டத்து மணியா, டவுன் மணியா?"

"தோட்டத்து மணிதான். ஆபீஸ் தெரையில கிராணி தெனம் காலையில தோட்டத்து மணிதான வைக்கிறாரு."

"தெரை சரிங்கம்மா. அலாரம் அடிச்சதும் தோட்டத்து மணின்னு யார் சொன்னா?"

நான் அந்தம்மாவைப் பார்த்தேன். அந்தக் கேள்வியை அவர் அதுவரை போட்டுத்தான் பழக்கம், வாங்கிப் பழக்கமில்லை. பாக்கியத்தை ஸ்டூலில் உட்காரச் சொல்லிவிட்டு, துபாஷியில் மறைத்து வைத்திருந்த அந்த இரண்டு எண்களையும் திரைக்குக் கொண்டுவந்தார். ஒவ்வொரு நிமிஷமும் ஒன்று கூடியது. மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். ஐம்பத்தெட்டு. ஐம்பத்தொன்பது. அடுத்த சேதியில் பூஜ்யம். சும்மா நின்ற எண்ணில் ஒன்று கூடியது.

"வரிசை நம்பர்னா அறுபதுல ஏன்டா திரும்புற?" என்று கருவியைப் பார்த்துக் கேட்டார். குரல் இறங்கிவிட்டது. "இது கடியாரம் கிராணி. பெட்டிக்குள்ளயே ஒரு கடியாரம் ஓடுது. அந்த எஞ்சினியர் தன் கைக்கடியாரத்தப் பாத்து வச்சுட்டுப் போயிருக்கான். டவுன் நேரம்." ஆபீஸ் கடிகாரத்தை எட்டிப் பார்த்தார். பெட்டி சரியாக அரை மணி முந்தி ஓடிக்கொண்டிருந்தது. "இத வரிசை நம்பர்னு யார் சொன்னா?"

"நீங்கதாம்மா சொன்னீங்க" என்றேன்.

என்னை அடித்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். பாக்கியத்தின் பக்கம் திரும்பி, "நான்தான் சொன்னேன். தப்பாச் சொன்னேன். திங்கக்கெழம சரியாச் சொல்றேன்" என்றார். பாக்கியம் கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

விசாரணையை மத்தியானச் சங்கு நேரத்தில் வைக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டது அந்தம்மாதான். ட்ரையர் பக்கத்தில் பெரிய துரை, சின்ன துரை, வேலாயுதம், வேலை மாற வந்த ஆட்கள் எல்லோரும் நின்றார்கள். திரையையும் பிரிண்டரையும் நான் ஆபீஸ் வாசலுக்கு இழுத்து வைத்திருந்தேன். அந்தம்மா சொல்லித்தான். ஏன் என்று கேட்கவில்லை, சரிங்க என்றேன்.

பெரிய துரை தாளை உயர்த்திக் காட்டினார். "மெஷின் ரெண்டேகால்னு சொல்லுது."

"யார் சொன்னா அது தோட்டத்து ரெண்டேகால்னு?" என்றார் அந்தம்மா. ஒட்டுக்கேட்கும் கருவியைத் திருப்பி வைத்தார். துபாஷியில் புதிதாக ஒரு வரி சேர்ந்திருந்தது: பெட்டியின் நேரம். அப்போது சங்கு ஊதியது. பச்சைத் திரையில் இரண்டரை.

சின்ன துரை லேசாகச் சிரித்தார். "இது நீங்களே எழுதின புரோகிராம்லா. நீங்க என்ன சொல்லச் சொன்னீங்களோ அதத்தான் சொல்லும். இத எப்படி நம்புறது?"

மனதுக்குள், கேள்வி நியாயம்தானே என்று பட்டது.

"நம்பாதீங்க" என்றார் அந்தம்மா. கொண்டையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை உருவினார். சீல் கம்பிக்குள் நுழைத்து ஒரே நெம்பு. ஈயம் தரையில் விழுந்தது. துரை "ஏய்!" என்பதற்குள் அலாரம் சுவிட்சைப் போட்டு, தேத்தண்ணி அறையிலிருந்து கொதிக்கக் கொதிக்கக் கொண்டுவந்து வைத்திருந்த கெட்டிலை ட்ரையரின் விறகு அடுப்பில் ஏற்றி, அதன் மூக்கிலிருந்து சீறிய ஆவியில் பெட்டியின் சூடு பார்க்கும் கம்பியைப் பிடித்தார். ஆபீஸ் வாசலில் பிரிண்டர் கரகரவென்று அடித்தது. நான் தாளைக் கிழித்தேன்.

"சத்தமாப் படிங்க கிராணி. இது கம்பெனி மெஷின். நான் ஒரு எழுத்து எழுதல."

"அலாரம்" என்று படித்தேன். "ரெண்டு முப்பத்தஞ்சு."

எல்லோரும் ஆபீஸ் சுவரைப் பார்த்தார்கள். கடிகாரத்தில் இரண்டு ஐந்து. அங்கிருந்தவர்கள் ஒவ்வொருவரும் பஸ் பிடிப்பதற்காக நித்தம் அரை மணி கூட்டிக் கழித்துப் பழகியவர்கள். இரண்டேகாலிலிருந்து அரை மணியைக் கழிக்க யாருக்கும் தாள் பென்சில் வேண்டியிருக்கவில்லை. ஒன்றே முக்கால். அப்போது ட்ரையரில் நின்றது யார் என்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சின்ன துரை தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலாயுதம் குந்தி உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான். எனக்கும் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன்.

பெரிய துரை தாளை மடித்துப் பையில் போட்டார். பிறகு, "வேலாயுதம், போய் வேலையப் பாரு" என்றார். அவ்வளவுதான். மன்னிப்பு, வருத்தம் எதுவும் இல்லை. ஆனால் விழுந்த அடியை எங்காவது இறக்கி வைக்க வேண்டுமே. குனிந்து தரையிலிருந்த ஈயத் துண்டை எடுத்தார்.

"இது நான் போட்ட சீல். இத அறுக்க யார் பெர்மிஷன் குடுத்தது?"

அந்தக் கேள்விக்கு என்ன விலை என்று எனக்குத் தெரியும். அந்தம்மாவுக்கும் தெரியும். அப்போது ஒரு குரல், "நான்தான் குடுத்தேன் தொரை" என்றது. அது என் குரல்தான் என்று எனக்கே கொஞ்சம் பொறுத்துத்தான் புரிந்தது. துரைக்கு எதிரே சரிங்க என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லியறியாத வாய் அது.

துரை என்னைப் பார்த்தார். அவர் பதில் சொல்வதற்குள் அந்தம்மா என் பக்கம் திரும்பினார். கண்ணில் அப்படி ஒரு கோபம்.

"யார் சொன்னா?"

"அம்மா, நான்..."

"பொய் சொல்றாரு மேனேஜர். இவரு ஒண்ணும் குடுக்கல. யாரும் குடுக்கல. கேட்டிருந்தா நீங்களும் குடுத்திருக்க மாட்டீங்க. அதான் நான் கேக்கல. எழுதிக்குங்க."

மறுநாள் காலை, வேலை போன அந்தம்மாவை ஏற்றிப்போகத் திரிங்காப் காய்கறி லோரி கேட்டில் நின்றது. வேலாயுதம் ஒட்டுக்கேட்கும் கருவியைத் தோளில் தூக்கி வந்து முன்சீட்டில் பத்திரமாக வைத்தான். பாக்கியமும் பத்துப் பதினைந்து பெண்களும் பெரட்டை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். சின்ன துரை தூரத்திலிருந்து, நேரமாச்சு என்று கத்தினார். "யார் சொன்னா?" என்று கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள்.

அந்தம்மா லோரியில் ஏறி உட்கார்ந்து, கைக்கடிகாரத்தைக் கழற்றி அரை மணி முன்னால் திருப்பி வைத்தார். நான் பக்கத்தில் போய், நேற்று நல்லதுக்குத்தானே சொன்னேன், ஏன் அப்படிப் போட்டு உடைத்தீர்கள் என்று கேட்டேன்.

"நான் அறுத்த சீலு அது, கிராணி. அத எதுக்கு நீங்க எடுத்துக்கிறீங்க?" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "உங்களுக்கு அறுக்கணும்னு தோணுச்சுன்னா, நீங்க ஒண்ண அறுங்க" என்றார்.

லோரி வளைவில் திரும்பி மறைந்தது. என் வாழ்நாளில் நான் துணிந்து சொன்னது ஒரே ஒரு பொய். அதையும் அந்தம்மா செல்லாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.